பூச்சியம்

தண்டர் பே துறைமுகத்தில்
கோதுமை வருவது நின்றுபோன தானியக் கோபுரம்.
ஏழாம் தளத்தில் மூன்று சூனியக்காரிகள்,
ஒரு விசாரணையாளர், ஒரு தட்டச்சுக்காரி.
தட்டச்சுக்காரி நான்.

இர்யா, சைமி, லெம்பி.
பின்லாந்துக்காரிகள். கயிற்றில் காற்றை முடிந்து
மீன்பிடிப்பவர்களுக்கு விற்றவர்கள்.
முதல் முடிச்சை அவிழ்த்தால் பாய் நிறையும்,
இரண்டாவதற்கு ஏரி நுரைக்கும்,
மூன்றாவதை அவிழ்த்தவன் வந்து சொன்னதில்லை
என்றாள் லெம்பி, பல்லில்லாத சிரிப்போடு.

"சக்தி எங்கிருந்து வருகிறது?"
ஹார்கிரேவ் குரலை உயர்த்தவே மாட்டார்.
கூந்தலை மழித்து எடை பார்த்தார்.
நூற்றுப் பதினெட்டு கிராம். எழுதிக்கொள்.
உப்பில்லாத கஞ்சி, ஒன்பது நாள். எழுதிக்கொள்.
சைமியின் வலது கைச் சுண்டுவிரல்...
அதையும் எழுதினேன்.
வெள்ளிக்கிழமைகளில் சம்பளம் வந்தது.

கூரைமேல் காற்றுமானி. மேசைமேல் அதன் முள்.
கயிறு கொடுத்து முடியச் சொன்னார். முடிந்தார்கள்.
அவரே அவிழ்த்தார்.
கயிறு நீண்டது, அவ்வளவுதான்.

நாற்பத்தோராம் நாள் இர்யா வாய் திறந்தாள்:
"இங்கே எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லையே."
"நாளெல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்."
"நீ கேள்வி கேட்கிறாய்."

அன்று அவர் நேரத்தோடு வீட்டுக்குப் போனார்.

நவம்பர். சுப்பீரியர் ஏரி கறுத்துக் கிடந்தது.
வெளிச்சவீட்டுத் தீவிலிருந்து பாசி வேண்டுமென்று
சின்னப் படகொன்றை அனுப்பினார்.
அதில் போனவன் என் தம்பி தயாபரன்.
பிற்பகல் மூன்றேகாலுக்குத்தான் எனக்குச் சொன்னார்,
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.
சொல்லிவிட்டு முள்ளைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஜன்னலில் ஏரி எழுந்து நின்றது.

சுண்டுவிரலைத் தட்டச்சு செய்த அதே கைகளால்
லெம்பியின் காலைப் பிடித்தேன்.
எந்த மொழியில் கெஞ்சினேன், தெரியாது.
மூன்று மொட்டைத் தலைகள் என்மேல் குனிந்தன.
அவர்களிடம் கயிறில்லை.
சைமி தன் ஒன்பது விரல்களால்
என் பின்னலை எடுத்தாள்.
முடிந்தாள்.

நூற்றுப்பத்திலிருந்த முள்
அடியில் போய் விழுந்த சத்தம்
எனக்குக் கேட்டது. அவருக்கும்.
"ஓகோ" என்றார்.
பேனாவைத் தேடினார்.

தயாபரன் வந்து சேர்ந்தான்,
இரண்டு காது நுனியையும் பனிக்குக் கொடுத்துவிட்டு.

இரவே அறிக்கை. அவர் சொல்லச் சொல்ல நான்:
ஊற்றுக்கண், இரப்பவரின் தேவை.
பரிந்துரை, மேலும் ஐம்பது படகுகள்,
கரையில் ஆளுள்ளவர்களாகப் பார்த்து.

என் பக்கங்களை அவர் சரிபார்ப்பதில்லை.
ஆறு வருடத்தில் ஓர் எழுத்துப் பிழை விடாதவள்.
ஊற்றுக்கண்: பூச்சியம், என்று தட்டினேன்.
பரிந்துரை: கோப்பை மூடலாம்.
வாசிக்காமல் ஒப்பமிட்டார்.

பொய்யும் சொல்லவில்லை.
பூச்சியத்துக்கு எங்கள் மொழியில்
இன்னொரு சொல் இருக்கிறது.

பின்னலை இன்னும் நான் அவிழ்க்கவில்லை.