பத்துக்கு மேல் மௌனம்

ஒன்பது மீட்டரில் சைரன் அலறியது.
ஒன்பதரையிலும் அலறியது.
ஒன்பது புள்ளி ஒன்பதில்
தெருநாய்கள் எல்லாம் அதற்கு ஒத்து ஊதின.
பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

சான் எவாரிஸ்தோவின் கீழ்த்தெருவில்
கட்டிய மூட்டைகளை அவிழ்த்தார்கள்.
மெத்தையை மேசைமேல் ஏற்றி வைத்திருந்த வால்தெமார்
அதைத் தரையில் இறக்கிப் போட்டு
"வடிஞ்சிருச்சு, படு" என்றான் மனைவியிடம்.

உருகுவாய் நதி அப்போதுதான்
பத்தைத் தாண்டியிருந்தது.

நான் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுக்காரன்.
அன்றிரவு மாடிக்குப் போனது
மிர்தா இரிகோசெனிடம் சூடான தண்ணீர் கேட்க.
அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள்.
படகுத்துறைப் படிகள் ஏழு. எண்ணினாள்.
இரண்டுதான் தெரிந்தன.
திரும்பித் திரையைப் பார்த்தாள்.
அபாயம் இல்லை, என்றது திரை.

பதினோரு வரி நிரல்; மார்ச்சில் அவளே எழுதியது.
நிலை எல்லையைத் தாண்டினால் ஒலி எழுப்பு.
இதில் தப்ப என்ன இருக்கிறது?
நிலை 10.3. எல்லை 9.
பள்ளிக்கூடம் போகாத குழந்தையும் சொல்லும்.
மூன்று முறை படித்தாள், உதடு அசைய.
விரலால் திரையைத் தொட்டுக்கூடப் படித்தாள்.

பிறகு ஒரு வரி சேர்த்தாள்.
நீ எவ்வளவு என்று கேட்கவில்லை;
அதைத்தான் ராத்திரி முழுக்கக் கேட்டாயிற்றே.
நீ என்ன வகை என்று கேட்டாள்.

சரம், என்றது நிலை.
எல்லையைக் கேட்டாள்.
அதுவும் சரம்.

எண்ணே இல்லை இரண்டும்.
எண்ணின் சட்டையைப் போட்டுக்கொண்ட எழுத்துகள்:
ஒன்று, சுழி, புள்ளி, மூன்று என்று
நூலில் கோத்த நாலு மணிகள்.
முதல் மணியை மட்டும் பார்த்தது இயந்திரம்.
ஒன்பதுக்கு முன்னால் ஒன்று,
ஆகவே சிறியது, ஆகவே தூங்கலாம்.
அகராதியில் ஆனை எறும்புக்கு முன்னால் வரும்.
அதை வைத்து ஆனை சின்னது என்று
தீர்ப்பு எழுதியிருந்தது அது.

பத்தைத் தொட்டுப் பதினேழு வருஷம்.
அதுவரை எல்லா வெள்ளமும்
ஓரிலக்கத்துக்குள் அடங்கியது.
தப்பும் அடங்கி உட்கார்ந்திருந்தது,
சரியைப் போலவே.

மாற்ற வேண்டியது ஒரே சொல்.
ஃப்ளோட். மிதவை.
புள்ளி வைத்த எண்ணுக்கு
யார் அந்தப் பெயர் வைத்தார்களோ,
மிர்தா சிரிக்கவில்லை.
நிலைக்கு ஒன்று, எல்லைக்கு ஒன்று,
முழுகுகிறவன் கழுத்தில் மாட்டுவதுபோல் மாட்டினாள்.

சைரன் கத்தியது.
நாற்பத்தேழு நிமிஷம் தாமதமாக.
வால்தெமார் கண் விழித்து
செருப்பைத் தேடிக் கால் வைத்தான்;
செருப்பு அறைக்குள் நீந்திக்கொண்டிருந்தது.

யாரும் சாகவில்லை. என் பதிவேடு சாட்சி.
ஆனால் அந்த நாற்பத்தேழைப் பற்றி
மிர்தா யாரிடமும் சாக்குச் சொல்லவில்லை.
விசாரணையில் கேட்டபோது
"கேட்க மறந்தேன்" என்றாள்.
என்ன கேட்க என்று அவர்கள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் முழங்கால் வரை சேறோடு
வால்தெமார் நிவாரணத்துக்கு வந்தான்.
இழப்பு என்ற கட்டத்தில்
இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினான்:
மெத்தை. முதலில் மேசைமேல்தான் இருந்தது.

எண் மட்டும், என்றது திரை.
மறுபடி எழுதினான். அதே வாக்கியம்.
எண் மட்டும்.

மிர்தா எழுந்து வந்து
அவன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"ஒரு நிமிஷம் இருங்க" என்று மாடிக்குப் போனாள்.
எனக்குத் தெரியும், அவள் போனது எதற்கென்று.
அந்தக் கட்டத்தின் வகையை மாற்ற.
எண்ணிலிருந்து
சரத்துக்கு.