ஏழாம் வரி

அறிக்கையின் முதல் ஆறு வரிகளில் எனக்குச் சிரமமில்லை.
நிறை இரண்டு கிலோ நூறு. இதயம் சரி, ஈரல் சரி,
வலது சிறுநீரகம் சரி.
ஏழாம் வரியில் இடது.
அதன் பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல்.
கொழும்பிலிருந்து வந்த கலைச்சொற் கையேடு
அதற்குக் ‘குறைவிருத்தி’ என்கிறது.

டொக்டர் சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னார்,
“ஹரியட்ட வெடிலா நே.”
ஒழுங்காக வளரவில்லை, அவ்வளவுதான்.
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த முபாரிஸுக்கு
வெடி மட்டும் கேட்டது.
கதிரையிலிருந்து அரைவாசி எழும்பிவிட்டார்.

“வெடி இல்லை,” என்றேன், “குறைவிருத்தி.”
“அது நாட்டுக்குச் சொல்றதுதானே?”
என்ன செய்ய, பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்த மனிதர்.
குறைவிருத்தி நாடுகளுக்கு
கடன் கிடைக்கும், பாலம் கிடைக்கும்,
திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார்.
பதினொரு நாள் பிள்ளையின் விலாவுக்குக் கீழே
அவரைவிதை அளவில் கிடப்பதற்கு
யார் வருவார்?

சல்மியாவின் வீட்டார் தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர்கள்.
“மணி பிடிக்கல்லையா?” என்றாள். “சப்பியா?”
சரியான சொல்தான்.
ஆனால் சப்பியைக் காற்றில் தூற்றிவிடுவார்கள்.
அந்தச் சொல்லை நான் கையில் எடுக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே
மதிலோரம் ஒரு மான்
சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டிருந்தது.
நான் வேறு சொல் தேடினேன்.
பிஞ்சு? பிஞ்சுக்கு நாளை இருக்கிறது.
குரும்பை? அதற்கும் அப்படித்தான்;
அணில் கடித்து விழுத்தாவிட்டால்.
வெம்பல்? அது வெயிலின் மேல் பழி போடும்.
வெயில் இல்லாவிட்டால் தாயின் மேல்.

சூம்பல்.
அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும்.
ஐந்தாம் வகுப்பில், என் இடது காலைப் பார்த்து
பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் அது.
இரண்டாம் தவணையில் திக்குவாய்க்காரி ஒருத்தி
புதிதாக வந்து சேரும்வரை
வேறு பெயர் எனக்கு இல்லை.
அவளுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை,
மன்னிப்பும் கேட்கவில்லை.

கடைசியில் இலக்கணம் கைகொடுத்தது.
வளராத.
எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது.
நேற்று வளராத, இன்று வளராத, இனியும் வளராத,
மூன்றையும் ஒரே துணியில் சுற்றிக் கொடுக்கலாம்.
வாங்குகிறவர் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்.
“இடது பக்கம் வளராத சிறுநீரகம்,” என்றேன்
மென்மையாக,
பதினாறு வருடம் பழகிய குரலில்.

சல்மியா அவிழ்த்துப் பார்த்தாள்.
“வளராத எண்டா,
இன்னும் வளரல்லையா,
இனி வளராதா?”

நான் டொக்டரைக் கேட்டேன்.
அவர் பேனாவை மூடிவிட்டு
இம்முறை மெதுவாகச் சொன்னார்.
இனி வளராது.
வலது கொஞ்சம் கூடப் பெருக்கும்,
இரண்டின் வேலையையும் அதுவே பார்க்கும்.
உப்பைக் குறையுங்கள், கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்,
பலர் இதோடு பேரப்பிள்ளைகளையும் கண்டிருக்கிறார்கள்.
அதை மொழிபெயர்க்க எனக்குக் கையேடு தேவைப்படவில்லை.

“அப்ப ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன்,” என்றாள்.
“அப்படியே எழுதுங்க.”
சின்னன்.
சந்தையில் மீனுக்குச் சொல்வது,
செருப்புக்கு, வீட்டுக்கு,
கடைசித் தம்பிக்கு.
பதினாறு வருடத்தில் ஒரு படிவத்திலும்
நான் அதை எழுதியதில்லை.

படிவத்தில் ‘குறைவிருத்தி’ என்றே போட்டேன்.
சம்பளம் அதற்குத்தான்.
கிளினிக் கொப்பியின் பின்மட்டையில்
அவள் சொன்னதைப் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்.
பெயர் என்ற இடம் இன்னும் வெறுமை.
முபாரிஸ் பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தினார்.
சற்று நேரத்தில் சாரம் நனைந்தது,
முழங்கால்வரை, சூடாக, தாராளமாக.
அவர் அசையவில்லை.
“பாருங்க,” என்றார் டொக்டரிடம்,
தமிழிலேயே.