திங்கள்

புந்தா அரேனாஸில் காற்று வலுக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
மனிதர் பிடித்துக்கொண்டு கடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான் வந்தார்
எலெவுத்தேரியோ மான்சியா.
நாற்பது வருடம் ஆட்டு ரோமம் கத்தரித்த விரல்கள்
கயிற்றை விட்ட பிறகும் வளைந்தே இருந்தன.

சீட்டில் இருந்தது மெத்தோட்ரெக்சேட்.
ஆறு மஞ்சள் பொட்டுகள், வாரம் ஒருமுறை.
தினமும் என்று யாராவது படித்துத் தொலைத்தால்
எலும்புக்குள் இரத்தம் ஊறும் ஊற்று வற்றிவிடும்.
எனக்கா தெரியாது?
போன பனிக்காலம் இதே மருந்துக்காக
ஒரு மருத்துவரை நடுநிசியில் எழுப்பித்
திட்டு வாங்கியவள் நான்.
பெயர் ஒத்த மருந்துகளை ஒரே தட்டில் அண்டவிடமாட்டேன்.
புள்ளிக்கு முன்னால் பூஜ்ஜியம் போடாதவர்களோடு
காப்பி குடிக்க மாட்டேன்.

"எழுத்து வராது, அம்மணி" என்றார்
தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டு.

அதனால் வரைந்தேன்.
பெட்டியின் மேல், நீல மையில், ஒரு பிறை.
திங்கள் என்றால் நிலவுதானே,
எங்கள் பேச்சிலும் திங்கட்கிழமை நிலவின் பிள்ளை.
என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு
நிவியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அழகாயிருக்கிறது என்றாள்.
"புரிந்ததா?"
அவர் தலையாட்டினார்.

பதினோராம் நாள் திரும்பி வந்தார்.
ரொட்டி எரிகிறது, சூப் எரிகிறது,
தண்ணீர்கூட எரிகிறது என்றார்.
உதட்டைப் புரட்டிப் பார்த்தேன்:
உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் புண்.
"எப்போதெல்லாம் சாப்பிட்டீர்கள்?"
"நிலவு தெரிந்த இரவெல்லாம்."

பெட்டியைக் கவிழ்த்து எண்ணினேன்.
கொடுத்தது நாற்பத்தெட்டு.
இருந்தது முப்பது.
மறுபடி எண்ணினேன், முப்பதுதான்.
மூன்று இரவு. அடுத்தடுத்து.
மீதி எட்டு இரவும்
நீரிணையின் மேல் மேகம் கவிந்து கிடந்திருக்கிறது.
சனியன் பிடித்த வானம் என்று
ஊரே வைத வாரம் அது,
நானும் வைதேன்,
துணி காயவில்லை என்று.

ஊசி போட்டார்கள். ஆறு நாள் வார்டில் வைத்தார்கள்.
வெள்ளணுக்கள் மெல்ல ஏறின.
ஏழாம் நாள் வீட்டுக்குப் போகும்போது
"மேகத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றணும்" என்று சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சம்பவப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
நோயாளியின் கவனக்குறைவு.
நிவியாவின் பேனா அங்கேதான் போனது.
என்மேல் உள்ள பாசத்தில்தான்.
கையைப் பிடித்தேன்.
குளிரில் வெளியே வந்து நின்று
வானத்தை அண்ணாந்து பார்த்து,
இருக்கிறதா இல்லையா என்று உறுதி செய்துகொண்டு,
ஆறை எண்ணி விழுங்கியவர் அவர்.
இவ்வளவு கவனமாய் யாரும்
என் சொல்லைக் கேட்டதில்லை.

எழுதினேன்:
படம் தெளிவாக இருந்தது, வரைந்தவளுக்கு.

இப்போதெல்லாம் புரிந்ததா என்று கேட்பதில்லை.
அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரே பதில்தான்.
"வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்கிறேன்.
வரிசை நீள்கிறது. பின்னால் இருமுகிறார்கள்.
நேற்று ஒரு மீன்காரி சொன்னாள்,
பிள்ளையின் காதுவலிக்குத் தந்த சிரப்பைக்
காதிலேயே ஊற்றப்போவதாக.

மான்சியாவுக்கு மருத்துவர் மறுபடி தொடங்கியிருக்கிறார்.
பெட்டி இனி என்னிடமே.
திங்கள்தோறும் அவரே வருவார்,
ஆறை என் முன்னால் விழுங்கிவிட்டுப் போவார்.
ஓட்டையே இல்லாத ஏற்பாடு
என்று எல்லோரும் கையெழுத்திட்டோம்.

காலண்டரை இன்று தற்செயலாகப் புரட்டினேன்.
வரும் திங்கள் சிவப்பு எழுத்தில் இருக்கிறது.
கடை அடைப்பு.

சாவியை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.
வெளியே கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.