சுழல்கம்பிக்கு அந்தப்புறம்

முதல் வாரம்
இருமல் மருந்து பாட்டிலின் பிளாஸ்டிக் மூடிதான் என் தம்ளர்.
ஒரு மூடி தண்ணீர்.
ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு மூடி.
கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து
பகல் முழுக்கக் குடித்தேன்;
இருட்டியபோது ஒரு லிட்டர்கூட ஆகவில்லை.

லிந்தால்வா கோழியை வேகவைத்தாள், வடிகட்டினாள்,
திரும்பவும் துணியில் வடிகட்டி
கோழியின் ஞாபகத்தை மட்டும் கிண்ணத்தில் ஊற்றினாள்.
பிறகு கதவைச் சாத்திக்கொண்டு
சமையலறையில் நின்றபடியே அவள் சாப்பிட்டாள்.
வாசனைக்குக் கதவு ஒரு பொருட்டா?

வயிற்றில் ஐந்து துளைகள்.
ஐந்தையும் சேர்த்தாலும் ஒரு விரல் நீளம் வராது.
பசியை வெட்டி எடுத்துவிட்டார்களா என்று
மருத்துவமனையில் கேட்டேன்.
இரைப்பையைத்தான் என்றாள் நர்ஸ்.
பசி இருக்கிறது,
வீட்டை இடித்த பிறகும்
அதே இடத்தில் வந்து படுக்கும் நாய் மாதிரி.

நான் ரொட்டி சுடுகிறவன்.
ஆறாவது வாரம் அடுப்படிக்குத் திரும்பினேன்.
மாவு மூட்டையைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார்;
பையன் தூக்கினான், நான் பார்த்தேன்,
சும்மா நிற்கிற கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
சூடாக வந்த முதல் ரொட்டியில்
நகக்கண் அளவு பிய்த்து
முப்பது முறை மென்றேன்.
அது நெஞ்சுக்கூட்டுக்குள் எங்கோ
வழி கேட்டபடி நின்றது.
கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு
நானும் நின்றேன்.

பெல்ட்டுக்கு ஆணியால் ஓட்டை போட்டேன், மூன்றாவது தடவை.
மோதிரம் மாவில் விழுந்தது;
யார் வீட்டுக்குப் போயிருக்குமோ என்று
நாற்பது ரொட்டியை உடைத்துப் பார்த்தோம்.
சீப்பில் முடி.
அக்குளுக்குக் கீழே
காற்றிறங்கிய கூடாரமாகத் தோல்.
எதிர்வீட்டுக்காரி லிந்தால்வாவை ஓரமாக இழுத்துக் கேட்டாளாம்:
"மறைக்காமல் சொல், புற்றுநோயா?"

ஜூன் மழை. தெருவெல்லாம் திருவிழா நெருப்பு.
பட்டை தூவிய சோளக்களி,
இரண்டே ஸ்பூன்.
மூன்றாவதும் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.
வியர்த்தது, நெஞ்சு குதிரையாக ஓடியது,
வெளியே அக்கார்டியன் வாசிக்க
உள்ளே தரையில் மல்லாந்து கிடந்து
கூரை ஓடுகளை எண்ணினேன்.

ஏழு மாதம் மச்சினன் காரில்தான் வேலைக்குப் போனேன்.
கார் பழுதான அன்று
காசா அமரெலா நிறுத்தத்தில், விடியாத நான்கு மணிக்கு,
பழைய பஸ்.

பதினோரு வருடமாக அந்தச் சுழல்கம்பியை
நான் தாண்டியதில்லை.
காசைக் கொடுப்பேன்;
நடத்துனர் கம்பியைக் கையால் வெறுமனே சுற்றிவிடுவார்.
கணக்கில் நான் உள்ளே.
உண்மையில் நான் முன்னால், டிரைவர் ஜெனிவால்டோ பக்கத்தில்,
அவன் முழங்கால் வலியும் மகளின் பரீட்சையும் கேட்டபடி
வந்து, முன்கதவிலேயே இறங்குகிறவன்.

"உள்ளே போங்க சார், வழியை மறைக்காதீங்க."

"நான்தான்" என்றேன்.
குரல் மட்டும் இன்னும் பழைய எடையில் இருந்தது.
அவன் திரும்பினான். பச்சை விளக்கு விழுந்தது.
பார்த்துக்கொண்டே இருந்தான்.
பின்னால் ஒரு லாரி கத்தியது.
"எட்மில்சன்?"
பிறகு தாடையால் கம்பியைக் காட்டினான்:
"போ. போய்த்தான் பாரேன்."

இடுப்பை வைத்துத் தள்ளினேன்.
டக்.
இவ்வளவுதானா அந்தச் சத்தம்?
யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்;
அவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன்,
எனக்கும் அவளுக்கும் நடுவே இடமிருந்தது.

பேக்கரி வந்ததும் கால்கள்
பழக்கத்தில் முன்பக்கம் நடந்தன.
கம்பி அந்தத் திசையில் சுழலாது.
எல்லோரையும்போலப் பின்கதவில் இறங்கினேன்.
பஸ்ஸின் முழு நீளத்துக்கும் மழையில் ஓடி
(ஓடினேன், அது பிறகுதான் உறைத்தது)
டிரைவர் ஜன்னலைத் தட்டி
முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.