அடிக் கணக்கு

கேடி என்றுதான் எங்களைக் கூப்பிடுவார்கள்.
பொலிஸ் புத்தகத்தில் அதற்கு வேறு அர்த்தம்.
இரண்டையும் கேட்டு வளர்ந்த காது
எதற்கும் திரும்பும்.

அன்றைக்குக் கோப்பை ஆட்டம்.
எக்கநாயக்க மாத்தயாவின் பை என் தோளில்:
பதினான்கு மட்டை, ஒரு குடை, ஒரு தெர்மோஸ்.
பதினாறாம் குழி முடிய அவர்தான் முன்னால்,
ஓர் அடி.
அடி என்பது எங்கள் பக்கம் வாங்குவது.
இங்கே எழுதுவது.

நுவரெலியாவில் மூன்று மணிக்கு மேல்
பனி யாரையும் கேட்டுவிட்டு வருவதில்லை.
ரோட்டில் மரக்கறி லொறி ஒன்று
ஹோர்ன் மட்டுமாகப் போனது.

பதினேழில் பந்து சைப்ரஸுக்குள் புகுந்தது.
தேட மூன்று நிமிடம். முன்பு ஐந்து தந்தார்களாம்.
தேடும்போது தெரியாமல் மிதித்தால் குற்றமில்லை,
இருந்த இடத்தில் திருப்பி வைத்தால் போதும்.
நாய் கவ்வினாலும் அப்படியே.
காகம் தூக்கினாலும் அப்படியே.
ஆனால் கண்டுபிடித்த பிறகு,
இதோ என்று விரல் நீட்டிய பிறகு
அதை அசைத்தால்
ஓர் அடி.
ஆட்டக்காரன் அசைத்தாலும்
அவன் பை சுமப்பவன் அசைத்தாலும்
அடி ஆட்டக்காரனுக்கே.
மழை நாட்களில் கொட்டகையில் குந்தியிருந்து
எழுத்துக்கூட்டிப் படித்தது இது.

நான்தான் கண்டேன்.
நான்தான் விரல் நீட்டினேன்.
பையை இறக்கும்போது
குதிகாலுக்குக் கீழே ஒரு சுள்ளி.
அதன் மறுமுனை எங்கே என்று யார் பார்த்தது?
பந்து உருண்டது,
ஒரு பயறு தூரம்.
மேலே தெரிந்த கம்பெனிப் பெயர்
பக்கவாட்டில் சாய்ந்தது.

மாத்தயா கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.
எதிராளி பனிக்குள் எங்கோ இருமினார்.
பார்த்தது நானும் பந்தும்.

வென்றால் கைக்காசு ஐயாயிரமாவது வரும்.
வந்தால் கடைக்கொப்பியில் ஒரு பக்கம் கிழிக்கலாம்.
இதை நினைத்த நேரத்துக்குள்
மூன்று பொய் சொல்லியிருக்கலாம்.

"பந்து அசைஞ்சது சேர். என் கால்."

அவர் என்னைப் பார்க்கவில்லை.
பந்தைப் பார்த்தார்.
கொடி இருக்க வேண்டிய திசையில்
பனியைப் பார்த்தார்.
பிறகு குனிந்து
அந்தப் பயறு தூரத்தைத் திருப்பி வைத்துவிட்டு
எதிராளிக்குக் குரல் கொடுத்தார்:
"எனக்கு ஒன்று கூடும்."
எனக்கு என்றார்.
கேடியால் என்று சொல்லவில்லை.

சமனில் முடிந்தது. மேலதிகக் குழியில் தோற்றார்.
கிளப் வாசலில் கைதட்டினார்கள்,
அவருடைய நேர்மைக்கு.
கூலியை எண்ணித் தந்தார்,
பலகையில் எழுதியிருக்கிறபடி.
கழிக்கவில்லை.
கூட்டவும் இல்லை.
பஸ்ஸில் இரண்டு தரம் எண்ணினேன்,
எது நியாயம் என்று
நோட்டு ஏதும் சொல்லுமோ என்று.

லயத்தில் தங்கச்சி தவமலர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.
அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்.
முழுப்பேருக்குப் பதினெட்டுக் கிலோ.
எடுத்தது பத்தொன்பது.
ஈரத்துக்கு இரண்டு வெட்டு, சாக்குக்கு ஒன்று.
மழை என்ன, அவள் கால் பட்டா பெய்தது?

என் கதையைக் கேட்டாள்.
"ஒன் கால் பட்டதுக்குத் தொரைக்கா வெட்டு?"
சிரித்த சிரிப்பில் ரொட்டி கருகியது.
"அந்தப் பொஸ்தகத்தக் கொண்டா.
தராசுக்குப் பக்கத்துல வைப்போம்.
தூக்குறவன் தப்புக்கு மொதலாளி,
மொதலாளி மழைக்கும் மொதலாளி."

சட்டைப்பையில் மாத்தயாவின் குட்டிப் பென்சில்,
திருப்பிக் கொடுக்க மறந்தது.
அதற்கும் ஏதாவது தண்டம் இருக்கும்.

காலையில் பார்த்தேன்.
கதவுக்குப் பக்கத்துச் சுவரில்
திகதி, அதற்கு நேரே 19.
பதினாறு இல்லை.
"யார் நிறுத்தது?" என்றேன்.
"தலைக்குத் தெரியாதா பாரம்?" என்றாள்.
அடுத்த வரியில்
இன்றைய திகதி எழுதி, நேரே வெறுமையாக விட்டு,
பென்சில் சீவ
என் பழைய பிளேட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.