ஏழாம் மாதம்

நோல்மொங்கி பாலில் தண்ணீர் கலக்கிறாள்.
போன மாதம் பாதிக்குப் பாதி.
இந்த வாரம் பால் வெறும் நிறம்தான்.
ஆட்டுக்கொழுப்பை விட்டாயிற்று.
தேன் வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்,
பிடிக்காமல் அல்ல.

மரலாலிலிருந்து வந்தவளின் படிவத்தில்
பதினோராம் கேள்வி: உணவைக் குறைப்பது ஏன்?
கீழே மூன்று கட்டங்கள்.
வழக்கம். நம்பிக்கை. அறியாமை.

"உன் வண்டி எப்போது கிளம்பியது?"
விடியுமுன்.
"வழியில் ஆறு?"
இன்றைக்கு மணல்தான்.

"என் சக்களத்திக்கு வலி கண்ட அன்று
அது மணலாக இல்லை.
பெரிய பிள்ளை. தலை இறங்கவில்லை.
இரண்டு ராத்திரி
கழுதை இக்கரையிலேயே நின்றது."

பிறகு சிரித்தாள்,
கழுத்து மணிகள் மேலும் கீழும் ஆட.
"எனக்கும் பசிக்கும், பெண்ணே.
இருட்டியதும் உள்ளே உதைக்கும்
கடன்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி.
பொறு, சின்னதாய் வா,
வெளியே வந்து தின்னலாம் என்பேன்."

வந்தவள் பேனாவை மூடினாள். திறந்தாள்.
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
ஆறு என்று எழுதினாள்.

அவளுக்குக் கொடுத்த தேநீரில்
பால் கெட்டியாக இருந்தது.