நூறு என்று அச்சிட்ட பெட்டி

மேசையை ஈரத் துணியால் துடைத்து,
பிறகு உலர்ந்த துணியாலும் துடைத்து,
வெள்ளைத் துண்டு விரித்துத் தந்தார் வில்டா ப்ராதர்.
டோரன்ஸ் கொட்டகையிலிருந்து பெட்டிகளை
ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்,
தூங்கும் பூனையை இடம் மாற்றுகிறவர்போல.
கூரை ஒழுகுகிறது. பணம் வேண்டும்.
ரோஸ்பர்க்கிலிருந்து விலை மதிக்க வந்தவன் நான்.

வெளியே அம்ப்குவா ஆறு
நவம்பர் மழையில் பச்சை போய்த்
தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது.

முப்பத்தொரு பெட்டிகள்.
எல்லாம் ஹாலோ பிளைத் கம்பெனி, ரெடிச், இங்கிலாந்து.
சால்மனுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் இறகு ஈ கட்டும் கறுப்பு முள்.
எழுபத்தெட்டில் இயந்திரங்களை விற்றுவிட்டார்கள்.
அதுவரை சில்லறைக்குக் கிடைத்தது
மறுநாளிலிருந்து பொக்கிஷம்.
பிரிக்காத பெட்டிக்கு ஒரு விலை,
பிரித்ததற்குப் பாதி,
ஈ கட்டி ஆற்றில் நனைத்துவிட்டால் ஒன்றுமே இல்லை.
எங்கள் தொழிலில்
வேலையே பார்க்காத முள்தான் உயர்ந்த முள்.

பதினேழாவது பெட்டியில் ஒட்டுத்தாளின் ஓரம்
நனைந்து உலர்ந்த கடிதம்போல நெளிந்திருந்தது.

பிரித்து எண்ணினேன். நூறு.
தபால் தராசில் வைத்தேன். எடை சரி.
மூடப் போனவன்
ஏனோ கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகினேன்.

பழைய முள்ளின் காது,
கம்பியை எலிவால்போல மெலியவிட்டு
வளைத்துத் தண்டோடு படியவைத்தது.
பதினொன்றில் மட்டும் காதின் நுனி
கத்தரித்தாற்போல மொட்டை.
எந்தக் கடையிலும் இன்றைக்கும் கிடைப்பது.
டஜன் ஆறு டாலர்.

நிமிர்ந்தேன்.
அடுப்பில் கெட்டில்.
அதன் மூக்கிலிருந்து எழும் ஆவியை
இன்றுதான் முதல்முறை பார்க்கிறவர்போல
வில்டா பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருஷத்துக்கு ஒன்று," என்றார்.
"செப்டம்பரில். அவர் போர்ட்லாண்டு கண்காட்சிக்குப் போகும் வாரம்.
ஊதா இறகு, வெள்ளி இழை, கறுப்புச் சேவலின் கழுத்து.
எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் கட்டுவேன்.
இந்த ஆற்றில் சட்டம் அப்படி."

நசுக்கி என்றதும்
எனக்குப் பல் கூசியது.

"பிடித்தீர்களா?"

"நான்கு. நான்கையும் விட்டுவிட்டேன்.
மிச்ச முள்ளெல்லாம் பாறைக்கு. ஒன்று மட்டும்
கதவு அகலத்துக்கு ஒரு மீனோடு போனது,
கடலுக்குத்தான் போயிருக்கும்."

"புது முள்ளிலேயே கட்டியிருக்கலாமே.
எடைகூட ஒன்றுதான்."

"தராசுக்கு ஒன்றுதான்," என்றார்.
"தண்ணீருக்குத் தெரியும்."

பின்கதவு திறந்தது. காலணியைத் தட்டியபடி டோரன்ஸ்,
கையில் பதினெட்டாவது பெட்டி.
துண்டின் ஓரம் நான் ஒதுக்கிவைத்திருந்ததைப் பார்த்தார்.
தொடாமல் எண்ணினார்.
இன்னொரு முறை எண்ணினார்.

"ஒன்பதென்றல்லவா நினைத்திருந்தேன்."

கெட்டில் கூவியது. யாரும் அணைக்கவில்லை.

"உனக்கு இடுப்பு அறுவை நடந்த வருஷம் மூன்று," என்றார் வில்டா.
"நீ படுத்திருந்தாய். ஆறு ஓடிக்கொண்டிருந்தது."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.
முகத்தில் கோபமா என்று தேடினேன்,
எனக்குப் படிக்கத் தெரியாத ஏதோ ஒன்றுதான் இருந்தது.

"பாலத்துக்கு மேலே, அந்த மடுவிலா?"

"இல்லை. பாலத்துக்குக் கீழே."

"அங்கே மீனே நிற்காதே."

"நிற்கும்."

நான் என் ஏட்டில் எழுதினேன்:
பெட்டி பதினேழு. பிரிக்கப்பட்டது. எண்பத்தொன்பது.
பேனா விலைக் கட்டத்துக்குப் போகுமுன்
டோரன்ஸ் பெட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.
"இதை விட்டுவிடுங்கள்.
ஒரு மூலை ஒழுகினால் ஒழுகட்டும்."

முப்பது பெட்டிக்குக் கூட்டிப் போட்டுக் கையெழுத்து வாங்கினேன்.
தேநீரைக் குடிக்க மறந்துபோனது.

திரும்பும் வழியில் பாலத்தில் வண்டியை நிறுத்தி,
மழையோடு மழையாகக் கைப்பிடியில் சாய்ந்து
கீழ்ப்பக்கம் பார்த்தேன்.
கலங்கல்.
ஒன்றும் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.